பீமாரிஸ்தானும் தனி மருத்துவரும்: இஸ்லாமிய நகரங்களில் மருத்துவத்தின் இரு வழிகள்

ஒவ்வொரு நோய்க்கும் இறைவன் மருந்தையும் இறக்கி வைத்திருக்கிறான் என்னும் கருத்தமைந்த நபிமொழியை நாம் மேடைகளில் அடிக்கடி கேட்கிறோம். மருந்து உண்டு என்பதில் ஐயமில்லை. ஆனால் அம்மருந்து யாருக்கு எட்டும், அதன் விலையை யார் தருவது, மருத்துவரின் உழைப்புக்குரிய கூலி எங்கிருந்து வரும் என்பவை தனியே விடை காண வேண்டிய வினாக்கள். அரசு மருத்துவமனையா, தனியார் மருத்துவமனையா என்று இன்று உலகமெங்கும் நடைபெறும் விவாதத்தின் உட்பொருள் இதுவே. இவ்வினாக்களை நம் முன்னோரும் சந்தித்தனர்.

இஸ்லாமிய நாகரிகத்தின் மருத்துவமனைகளைப் பற்றி நம்மவர் எழுதும்போது, எல்லாருக்கும் எல்லாம் இலவசமாகக் கிடைத்த பொற்காலம் ஒன்று இருந்ததாகச் சித்திரிப்பது வழக்கமாகிவிட்டது. அது முழு உண்மையன்று. பீமாரிஸ்தான் எனப்பட்ட அறக்கட்டளை மருத்துவமனைகள் இயங்கிய அதே நகரங்களில், கட்டணம் பெற்று வீடு தேடிச் சென்ற மருத்துவர்களும் இருந்தனர். இரண்டையும் அருகருகே வைத்துப் பார்த்தால்தான் அவற்றின் பெருமையும் குறையும் விளங்கும்.

மருத்துவக் கூலி பற்றி மார்க்கம்

மருத்துவம் செய்து கூலி பெறுவது ஆகும் என்பதில் ஃபிக்ஹு அறிஞர்களுக்கிடையே பெரிய கருத்து வேறுபாடு இல்லை. அண்ணல் நபி (ஸல்) அவர்கள் அபூதைபா (ரலி) அவர்களிடம் இரத்தம் குத்தி எடுத்துக்கொண்டு, அதற்காகத் தானியம் கொடுக்கச் செய்த செய்தி ஹதீஸ் நூல்களில் உண்டு. தேள் கடித்த ஒரு கூட்டத் தலைவருக்கு ஃபாத்திஹா அத்தியாயத்தை ஓதிப் பார்த்த நபித்தோழர் ஆடுகளைப் பெற்றுக்கொண்ட நிகழ்ச்சியும் நாம் அறிந்ததே. எனவே மருத்துவரின் வருவாய் ஹலாலான வருவாயே.

மருத்துவம் அறியாமல் மருத்துவம் செய்து கேடு விளைவித்தவர் அதற்கு ஈடு செய்யக் கடமைப்பட்டவர் என்னும் கருத்துடைய நபிமொழியையும் இத்துடன் சேர்த்துக் காண வேண்டும். கூலிக்கு அனுமதி, அதனோடு பிணைந்த பொறுப்பு என்னும் இவ்விரண்டின் மீதுதான் பிற்காலத்துத் தனியார் மருத்துவம் நின்றது.

பொது மருத்துவத்திற்கும் மூலம் அக்காலத்திலேயே காணப்படுகிறது. ஹிஜ்ரி 5ஆம் ஆண்டில் (கி.பி. 627) அகழ்ப்போரில் காயமுற்ற ஸஅத் இப்னு முஆத் (ரலி) அவர்களுக்கு மதீனாப் பள்ளிவாசலில் கூடாரம் அமைக்கப்பட்டது. காயமுற்றோரைக் கவனித்து வந்த ருஃபைதா (ரலி) என்னும் பெண்மணியின் பெயரை வரலாற்றாசிரியர்கள் அதனோடு இணைத்துக் கூறுகின்றனர். பின்னர் உமையா கலீஃபா வலீத் இப்னு அப்துல் மலிக், ஹிஜ்ரி 88இல் (கி.பி. 707) தொழுநோயாளிகளுக்கு மானியம் வழங்கி, அவர்கள் இரந்து வாழ வேண்டா என ஏற்பாடு செய்தார். இதனையே முதல் மருத்துவமனை என்று பலர் எழுதுவர். மருத்துவமனை என்பதைவிட அரசு ஏற்றுக்கொண்ட பராமரிப்பு என்று இதனைக் கூறுவதே பொருந்தும்.

வீடு தேடி வந்த மருத்துவர்

அப்பாஸியக் காலத்துப் பக்தாதில் மருத்துவம் நல்ல வருவாய் தரும் தொழிலாக இருந்தது. ஹாரூன் ரஷீதின் மருத்துவரான ஜிப்ரீல் இப்னு புக்தீஷூ தம் பணிக்காலம் முழுவதும் ஈட்டியதன் கணக்கை இப்னு அபீ உஸைபிஆ தம் மருத்துவர் வரலாற்று நூலில் பட்டியலிடுகிறார். கூட்டுத்தொகை எட்டுக் கோடித் திர்ஹத்தைத் தாண்டுகிறது. எண்ணில் மிகை இருக்கலாம். ஆயினும் அரண்மனை மருத்துவருக்கும் தெருவோர மருத்துவருக்கும் இடையே இருந்த தூரத்தை அது காட்டுகிறது.

திறமை மட்டுமே இச்சந்தையில் விலைபோகவில்லை. கருமிகளைப் பற்றிய தம் நூலில் ஜாஹிழ், அஸத் இப்னு ஜானீ என்னும் மருத்துவரைப் பற்றி ஒரு சுவையான செய்தி சொல்கிறார். நோய் பரவிய ஆண்டிலும் அவரிடம் எவரும் வரவில்லை. காரணம் கேட்டபோது அவர், தாம் முஸ்லிமாகப் பிறந்ததும், கிறித்தவப் பெயர் இல்லாததும், கறுப்புப் பட்டுக்குப் பதில் வெள்ளைப் பருத்தி உடுத்துவதும், ஜுந்திஷாபூர் மக்களின் மொழியில் பேசாமல் அரபியில் பேசுவதுமே காரணம் என்றாராம். நோயாளி மருத்துவரின் அறிவை அளக்க வல்லவர் அல்லர். பெயரையும் உடையையும் பேச்சையும் கண்டே அவர் முடிவு செய்கிறார். தனியார் மருத்துவத்தின் இப்பலவீனம் அன்றும் இருந்தது, இன்றும் இருக்கிறது.

அதே வேளையில் தனி மருத்துவர் அனைவரும் பொருளாசை பிடித்தவர் என்று கொள்ளுதல் தவறு. கைரவான் நகரத்து இப்னுல் ஜஸ்ஸார் (கி.பி. 10ஆம் நூற்றாண்டு) நோயாளியைப் பார்த்து மருந்து எழுதித் தருவார். மருந்தைக் கொடுப்பதும் பணம் பெறுவதும் வாசல் கூடத்தில் அமர்ந்திருந்த ரஷீக் என்னும் பணியாளரின் வேலை. நோயாளியிடம் தம் கையால் பணம் வாங்குவதை அவர் தவிர்த்தார். ஒரு காழியின் குடும்பத்தார் அனுப்பிய 300 மித்கால் பொன்னையும் திருப்பி அனுப்பினார் என்பர். எனினும் அவர் மறைந்தபோது 24,000 தீனார்களும் 25 கின்தார் எடையுள்ள நூல்களும் விட்டுச் சென்றதாக இப்னு ஜுல்ஜுல் குறிப்பிடுகிறார். இவரே ஏழைகளுக்காக எளிய மருந்துகளைத் தொகுத்து ஒரு நூலும் எழுதினார். அவருக்கு முன்பே அபூபக்ர் ராஸீயும் மருத்துவரை அணுக இயலாதவருக்கென ஒரு நூல் யாத்திருந்தார். இத்தகைய நூல்கள் தேவைப்பட்டன என்பதிலிருந்தே, மருத்துவர் எட்டாத மக்கள் பெருந்தொகையினராய் இருந்தனர் என்பது பெறப்படுகிறது.

அரசின் கை

அவர்களுக்காக அரசும் செல்வரும் செய்தது யாது? கலீஃபா முக்ததிரின் காலத்தில் வஸீர் அலீ இப்னு ஈஸா, பக்தாத் மருத்துவமனைகளின் தலைவராய் இருந்த ஸினான் இப்னு ஸாபித்திற்குச் சில ஆணைகள் அனுப்பினார். சிறைகளில் நெருக்கமாக அடைபட்டோர் நோயுறுவது இயல்பு. ஆதலின் மருத்துவர்கள் நாள்தோறும் சிறைகளுக்குச் சென்று மருந்தும் உணவும் தர வேண்டும் என்பது ஒன்று. ஈராக்கின் சிற்றூர்களில் மருத்துவர் இல்லை. ஆதலின் மருந்துப் பெட்டியுடன் மருத்துவர்கள் ஊர் ஊராகச் சென்று தேவையான அளவு தங்கி வர வேண்டும் என்பது மற்றொன்று. அவ்வாறு சென்றவர்கள் யூதர்கள் மிகுந்த ஊர்களை அடைந்தபோது, அவர்களுக்கும் மருத்துவம் செய்யலாமா என்று ஸினான் கேட்டெழுதினார். செய்யலாம் என்பதே வஸீரின் மறுமொழி. முஸ்லிம்களுக்கு முதலிடம் என்னும் வரிசையை அவர் வகுத்தார் என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். எனினும் வேற்றுச் சமயத்தவர்க்கும், கால்நடைகளுக்குங்கூட, மருத்துவம் உண்டு என்பதை அவ்வாணை உறுதி செய்தது. ஸினானே பிறப்பால் முஸ்லிம் அல்லர். ஸாபியாக் குடும்பத்தில் பிறந்தவர்.

ஹிஜ்ரி 306இல் (கி.பி. 918) பக்தாதில் இரு மருத்துவமனைகள் திறக்கப்பட்டன. புவைஹிய மன்னர் அளுதுத் தவ்லா நிறுவிய புகழ்பெற்ற மருத்துவமனை ஹிஜ்ரி 372இல் (கி.பி. 982) தொடங்கியது. அதில் 24 மருத்துவர்கள் பணியாற்றினர். இம்மருத்துவமனைக்கு இடம் தேர, நகரின் பல பகுதிகளில் இறைச்சித் துண்டுகளைத் தொங்கவிட்டு, எங்கே தாமதமாக அழுகுகிறது என்று ராஸீ பார்த்தார் என்னும் கதை நம் நூல்களில் திரும்பத் திரும்ப வருகிறது. ராஸீ அதற்குப் பல பத்தாண்டுகளுக்கு முன்பே காலமாகிவிட்டார். இம்முரண்பாட்டை இப்னு அபீ உஸைபிஆவே சுட்டிக்காட்டியிருக்கிறார். அவர் காட்டிய நிதானம் நமக்கும் வேண்டும்.

நூரியும் மன்சூரியும்

பொது மருத்துவம் முழு வடிவம் பெற்றது திமிஷ்கிலும் கெய்ரோவிலுமே. ஹிஜ்ரி 549இல் (கி.பி. 1154) திமிஷ்கைக் கைப்பற்றிய நூருத்தீன் ஸங்கி அங்கு ஒரு மருத்துவமனை நிறுவினார். கி.பி. 1184இல் அதனைக் கண்ட பயணி இப்னு ஜுபைர், அதன் அன்றாடச் செலவு ஏறத்தாழ 15 தீனார் என்றும், நோயாளிகளின் பெயர்களும் அவர்களுக்கான மருந்து, உணவுச் செலவும் பதிவேடுகளில் எழுதப்பட்டன என்றும், மருத்துவர்கள் விடியலிலேயே வந்து ஒவ்வொருவரையும் பார்த்தனர் என்றும் எழுதுகிறார். பதிவேடு வைப்பது சிறு செய்தியாகத் தோன்றலாம். ஆனால் பொதுப் பணம் எவருக்குச் சென்றது என்பதற்குச் சான்று அதுவே.

ஹிஜ்ரி 831இல் (கி.பி. 1427-28) இங்கு வந்த ஒரு பாரசீகரைப் பற்றி கலீல் இப்னு ஷாஹீன் ழாஹிரீ சொல்லும் செய்தி நகைச்சுவை மிக்கது. மருத்துவமனையின் உணவைக் கண்டு ஆசை கொண்ட அவர் நோயாளியாக நடித்துச் சேர்ந்தார். தலைமை மருத்துவர் நாடி பார்த்து உண்மையை உணர்ந்தும், மூன்று நாள் நல்ல உணவளித்தார். பிறகு, விருந்து மூன்று நாள்தான் என்று சீட்டெழுதி அனுப்பிவிட்டார்! பொதுச் சேவையை வேண்டாதாரும் பயன்படுத்திக்கொள்வர் என்பது நிருவாகிகளுக்குத் தெரிந்தே இருந்தது.

கெய்ரோவில் சுல்தான் மன்சூர் கலாவூன் ஹிஜ்ரி 683இல் (கி.பி. 1284) எழுப்பிய மருத்துவமனை இவை அனைத்தினும் பெரிது. தாம் அமீராக இருந்தபோது திமிஷ்கில் வயிற்று நோயால் துன்புற்று, நூரி மருத்துவமனையின் மருந்தால் குணமடைந்ததே இதற்குத் தூண்டுகோல் என்பர். மன்னரும் அடிமையும், படைவீரரும் தளபதியும், ஆணும் பெண்ணும் ஒருங்கே பயன்பெறவே இதனை வக்ஃபு செய்வதாக அவர் அறிவித்தார். காய்ச்சல், கண்ணோய், காயம், வயிற்றுப்போக்கு ஆகியவற்றுக்குத் தனித்தனிப் பகுதிகள் இருந்தன. பெண்களுக்குத் தனி இடம் இருந்தது. விசிறி, நோயாளிக்கெனத் தனிக் கலம், உணவை மூடி எடுத்துச் செல்லும் முறை, இறந்தோரை அடக்கும் செலவு எனச் சிறு செலவுகளையும் வக்ஃபுப் பத்திரம் வரையறுத்தது. மருத்துவர்கள் முறை வைத்தோ கூடியோ இரவிலும் தங்க வேண்டும் என்றது. வக்ஃபுச் சொத்துகளின் ஆண்டு வருவாய் பத்து இலட்சம் திர்ஹம் அளவினது என்று மக்ரீஸீ எழுதுகிறார்.

வீட்டிலேயே நோயுற்றுக் கிடந்த ஏழைகளுக்கும் மருந்தும் உணவும் அனுப்பப்பட்டது இதன் தனிச்சிறப்பு. ஹிஜ்ரி 8ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இதன் நிருவாகத்தில் இருந்த நுவைரீ, தம் காலத்தில் இவ்வாறு வீட்டிலிருந்தே உதவி பெற்றோர் ஒரு சமயம் 200 பேருக்கு மேல் இருந்தனர் என்று கூறுகிறார். வீட்டுக்கு மருத்துவரை வரவழைப்பது செல்வருக்கே உரியதாய் இருந்த காலத்தில், அவ்வசதியை ஏழையின் வாசலுக்கும் கொண்டு சென்றது இவ்வறம்.

இக்கட்டடம் எழுந்த விதத்தில் களங்கம் உண்டு. ஓராண்டுக்குள் முடிக்க வேண்டும் என்ற அவசரத்தில் மக்கள் கட்டாய வேலைக்கு இழுக்கப்பட்டனர். அரண்மனையின் முந்தைய உரிமையாளர் வேறிடம் பெற்று வெளியேற்றப்பட்டார். அதனால் அவ்வளாகத்தில் தொழுவது கூடுமா என்றே சில மார்க்க அறிஞர்கள் வினவினர். நற்செயலுக்குத் தீய வழி ஆகாது என்று சொல்லும் குரல் அன்று இருந்தது.

ஒரே மருத்துவர், இரு களங்கள்

இவ்விரு முறைகளும் ஒன்றையொன்று விலக்கி நிற்கவில்லை என்பதே நம் ஆய்வின் மையக் கருத்து. நூரி மருத்துவமனையின் தலைமை மருத்துவர் அபுல் மஜ்த் இப்னு அபில் ஹகமின் ஒரு நாளைப் பார்ப்போம். காலையில் மருத்துவமனையில் நோயாளிகளைச் சுற்றிப் பார்த்து மருந்து எழுதுவார். பின்னர்க் கோட்டைக்குச் சென்று பிரமுகர்களுக்கு மருத்துவம் செய்வார். மீண்டும் மருத்துவமனைக்கு வந்து, நூருத்தீன் அளித்த நூல்களைச் சுற்றி வைத்து மாணவர்களுடன் மூன்று மணி நேரம் ஆய்வார். கோட்டையின் வருவாயும் மருத்துவமனையின் அனுபவமும் ஒருவரிடமே கூடின. ஏழையைத் தொட்ட கையே அமீரையும் தொட்டது. ஆதலின் ஏழைக்கு ஒரு தரம், செல்வருக்கு ஒரு தரம் என்று மருத்துவ அறிவு பிளவுபடவில்லை.

தனி மருத்துவத்தால் ஈட்டிய செல்வம் பொதுவுக்குத் திரும்பியதும் உண்டு. அய்யூபிய மன்னர்களின் மருத்துவரான தக்வார் (மறைவு கி.பி. 1230) திமிஷ்கில் உள்ள தம் வீட்டையே மருத்துவ மத்ரஸாவாக வக்ஃபு செய்தார். நுரையீரல் வழியே இரத்தம் செல்லும் முறையை விளக்கிய இப்னுந் நஃபீஸ் (மறைவு கி.பி. 1288) தம் இல்லத்தையும் நூல்களையும் மன்சூரி மருத்துவமனைக்கு எழுதி வைத்தார். இத்தகையோர் எல்லாக் காலத்திலும் நிறைய இருந்தனர் என்று நாம் கூற வரவில்லை. ஆனால் அத்தகைய கொடையைப் பெற்றுக் காக்க ஒரு நிறுவனம் இருந்தது.

முஹ்தஸிபின் கண்

ஹிஜ்ரி 319இல் (கி.பி. 931) பக்தாதில் மருத்துவர் ஒருவரின் தவற்றால் ஒரு நோயாளி இறந்தார். தேர்வு பெறாத எவரும் மருத்துவம் செய்யலாகாது என்று கலீஃபா ஆணையிட்டார். தேர்வு நடத்தியவர் ஸினான். புகழ்பெற்றோரும் அரண்மனை மருத்துவர்களும் நீங்கலாக 860க்கும் மேற்பட்டோர் அந்நகரில் மட்டும் தேர்வுக்குட்பட்டனர். எழுதப் படிக்கத் தெரியாத ஒரு முதியவர், பிழைப்பைக் கெடுக்க வேண்டா என மன்றாடினார். அறியாத நோயில் தலையிடுவதில்லை, குருதி வடிப்பதும் பேதி தருவதும் தெரிந்த எளிய நோய்க்கன்றிச் செய்வதில்லை என்ற நிபந்தனையுடன் ஸினான் அவரை விட்டார். தேர்வின் கண்டிப்பும் அதன் நெகிழ்வும் இந்நிகழ்ச்சியில் ஒருங்கே தெரிகின்றன.

கி.பி. 12ஆம் நூற்றாண்டில் ஷைஸரீ எழுதிய ஹிஸ்பா நூல் இன்னும் நுட்பமானது. மருத்துவர் நோயாளியைக் காணும் ஒவ்வொரு முறையும் நோய்க்குறியையும் மருந்தையும் எழுதி, அதன் படியை நோயாளியின் குடும்பத்தாரிடம் தர வேண்டும். நோயாளி இறந்தால் அச்சீட்டுகள் ஊரின் முதன்மை மருத்துவரிடம் காட்டப்படும். குறை கண்டால், மருத்துவரிடம் இரத்த ஈடு பெறுமாறு அவர் கூறுவார். கண் மருத்துவரும் எலும்பு கட்டுவோரும் தத்தம் துறைக்குரிய நூலில் சோதிக்கப்பட வேண்டும். எல்லா ஊர்களிலும் இவ்விதி நடைமுறையில் இருந்தது என்று கொள்ள இயலாது. ஆயினும் தனியாரிடம் மருத்துவத்தை விட்டாலும் நோயாளியைத் தனியே விட்டுவிடலாகாது என்ற தெளிவு சட்ட அறிஞரிடம் இருந்தது.

வக்ஃபு தேய்ந்தபோது

பொது மருத்துவத்தின் உயிர் வக்ஃபு வருவாயில் இருந்தது. மம்லூக் சுல்தான் முஅய்யத் ஷைகு கெய்ரோவில் ஒரு மருத்துவமனை கட்டினார். கி.பி. 1421இல் அவர் மறைந்ததும், அதன் செலவுக்கு உறுதியான ஏற்பாடு இல்லாமையால் அது வெறுமையாகி, தூதர்கள் தங்கும் விடுதியாகிப் பின்னர்ப் பள்ளிவாசலாக மாற்றப்பட்டது. பள்ளிவாசல் ஒன்று கூடியது. நோயாளியின் கட்டில் போயிற்று.

இருந்த வக்ஃபுகளும் களவாடப்பட்டன. கி.பி. 15ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஜமாலுத்தீன் உஸ்தாதார் என்னும் அதிகாரி ஒரு சொத்தை விரும்பினால், அது அண்டையாருக்குத் தீங்கு தருகிறது என்று இரு சாட்சிகள் சொல்வர். அதனை மாற்றிக்கொள்ள ஒரு காழி இசைவளிப்பார். ‘இஸ்திப்தால்’ என்னும் நியாயமான சட்ட வழி இவ்வாறு கொள்ளைக்குப் பயன்பட்டதை மக்ரீஸீ வேதனையுடன் பதிவு செய்கிறார். வாளால் எடுத்ததைவிட ஃபத்வாவால் எடுத்தது அதிகம் எனலாம்.

மன்சூரி மருத்துவமனையும் நலிந்தது. கி.பி. 1798இல் நெப்போலியனுடன் வந்த பிரெஞ்சு மருத்துவர்கள் அதனைச் சிதைந்த நிலையில் கண்டனர். பின்னர் முஹம்மது அலீ பாஷா வக்ஃபு நிலங்களை அரசின் கீழ்க் கொணர்ந்தார். கி.பி. 1827இல் அபூ ஸஅபலில் தொடங்கிய மருத்துவப் பள்ளி 1837இல் கஸ்ருல் ஐனிக்கு இடம் பெயர்ந்தது. அறக்கட்டளையின் இடத்தை அரசு பிடித்துக்கொண்டது. இடைப்பட்ட நூற்றாண்டுகளில் தனி மருத்துவர் மறையவில்லை. அவருக்கு நோயாளிகள் எப்போதும் உண்டு. பொது வழி அடைபட்டபோது மறைந்து போனது ஏழை நோயாளியின் மருத்துவமே.

இவ்வறம் நம் நாட்டுக்கும் வந்தது. டெல்லியில் ஃபைரோஸ் ஷா துக்ளக் இலவச மருத்துவமனை நிறுவினார். ஹைதராபாதில் முஹம்மது குலீ குதுப் ஷா கி.பி. 1595இல் எழுப்பிய தாருஷ் ஷிஃபாவின் பெயரை அப்பகுதி இன்றும் தாங்கி நிற்கிறது. மருத்துவமனை போய் அதன் பெயர் மட்டும் தங்கியிருப்பது நம் நிலையை உணர்த்துகிறது.

நமக்குரிய பாடம்

இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் மருத்துவத்தை ஃபர்ளு கிஃபாயாவில் சேர்த்தார்கள். ஊரில் ஒருவரும் செய்யாவிடில் ஊரார் அனைவரும் குற்றவாளிகளாவர். இஹ்யாவின் முதற்பகுதியிலேயே அவர்கள், பல ஊர்களில் முஸ்லிம் மருத்துவரே இல்லாதிருக்க, மாணவர்கள் ஃபிக்ஹில் மட்டும் போட்டியிடுவதேன் என்று வினவுகிறார்கள். வக்ஃபு நிருவாகமும் அநாதைகளின் சொத்துப் பொறுப்பும் காழிப் பதவியும் மருத்துவத்தால் கிடைப்பதில்லை என்பதே காரணம் என்று தாமே விடையும் சொல்கிறார்கள். அரபுக் கல்லூரிகளில் இந்நூலை ஓதிக் கொடுக்கும் நாம் இவ்விடத்தை விரைந்து கடந்து செல்லலாகாது. அவர்களின் கண்டனம் மருத்துவரை நோக்கியதன்று; நம் வகுப்பினரை நோக்கியது.

பொதுவா, தனியாரா என்று கேட்டால், இரண்டும் இருந்தன என்பதே வரலாறு தரும் விடை. ஆனால் இரண்டும் நலமாய் இருந்த காலத்தில், நல்ல மருத்துவர் பொது மருத்துவமனையிலும் நாளின் ஒரு பகுதியைக் கழித்தார். கட்டணம் பெற்றவரும் கணக்குக் காட்டினார். வக்ஃபின் வருவாய் வக்ஃபுக்கே சென்றது. இம்மூன்றில் கடைசியது அழிந்ததும் மற்றவை தாமே சரிந்தன.

நம் ஊர்களில் வக்ஃபு நிலங்கள் உள்ளன. அவற்றுக்கு முத்தவல்லிகள் உள்ளனர். மருத்துவம் கற்ற பிள்ளைகளும் இன்று நம்மிடையே குறைவில்லை. கலாவூனின் பத்து இலட்சம் திர்ஹம் நம்மிடம் இல்லாமல் இருக்கலாம். நூரி மருத்துவமனையின் பதிவேட்டைப் போல ஒன்றைத் திறந்து, வக்ஃபு வருவாயில் எவ்வளவு நோயாளியின் கைக்குச் சென்றது என்று ஆண்டுதோறும் எழுதி வைக்க அத்தனை பணம் தேவையில்லை. அந்தப் பக்கம் வெறுமையாக இருக்குமானால், அதற்கு விடை சொல்ல வேண்டியவர்களில் மார்க்கம் கற்ற நாமும் அடக்கம்.